மூன்று மில்லிகிராம் இரவு

சீட்டில் ஏழு மருந்துகள் இருந்தன. ஆறாவது வரி மெலடோனின், 3 மில்லிகிராம், ராத்திரி படுக்கும் முன் ஒன்று. ஃபோலிக் ஆசிட், வைட்டமின் டி, கோஎன்சைம் க்யூ10 எல்லாம் இரண்டு வருடமாகப் பழகியவை. இது மட்டும் புதிது. “தூக்க மாத்திரையா டாக்டர்?” என்று கேட்டேன். “தூக்கத்துக்கு இல்லம்மா, முட்டை குவாலிட்டிக்கு” என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த வாரத்தில் இரண்டு பிரதிகள் என் ஃபோனுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று விளம்பரம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு வீடு வருவதற்குள் இன்ஸ்டாகிராமுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெண்களுக்கென்றே தயாரித்த மெலடோனின் கம்மீஸ், பெர்ரிப் பழச் சுவை. ஆழ்ந்த தூக்கத்துக்கு உதவும், ஹார்மோன் பேலன்ஸுக்கு உதவும், பீரியட்ஸ் சீராக உதவும், தாய்மைப் பயணத்தில் துணை நிற்கும் என்று அது அடுக்கிக்கொண்டே போனது. இன்னொன்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பிய ஃபார்வர்டு. மேலே மாமல்லபுரத்துக் குகையில் பள்ளிகொண்டிருக்கும் திருமால் படம். கீழே செய்தி: பெருமாளின் அறிதுயில் என்பது மெலடோனின்தான், அதைச் சுரக்கும் பினியல் சுரப்பிதான் நெற்றிக்கண், நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆகவே பெண்கள் ஒன்பது மணிக்குள் படுத்துவிட வேண்டும், ராத்திரி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இப்போது கர்ப்பப்பைக் கோளாறெல்லாம் வருகிறது. கடைசியில் கும்பிடும் கைகள் ஏழெட்டு.

அனுப்பியவருக்கு என் சீட்டைப் பற்றித் தெரியாது. அம்மா சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நம்புகிறேன்.

இலக்கியப் பத்திரிகையில் மாத்திரை டப்பாவுக்கு என்ன விமர்சனம் என்று கேட்கலாம். ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்பு ஐந்நூறு பிரதி போவதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது. பெண்ணுடம்பைப் பற்றி இன்று தமிழர்கள் அதிகமாக வாசிக்கும் உரைநடை டப்பாவின் பின்பக்கமும் ஃபார்வர்டும்தான். அவற்றை யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை, விழுங்கிவிடுகிறோம். நான் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேறு யாரோ எழுதிய நிரலை நம்முடையதில் சேர்ப்பதற்கு முன்னால் அதன் பழைய மாற்றக் குறிப்புகளைப் பார்த்துவிடுவோம். எதற்காக எழுதினார்கள், நடுவில் என்ன வேலைக்குப் பயன்பட்டது, யார் எப்போது கைவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மெலடோனினுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. விசித்திரமான வரலாறு.

அதைக் கண்டுபிடித்தவர் தூக்கத்தைத் தேடிப் போனவர் அல்ல, குழந்தைப்பேற்றைத் தேடிப் போனவரும் அல்ல. ஆரன் லெர்னர், யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர். மாட்டின் பினியல் சுரப்பிச் சாறு தவளையின் தோலை வெளிறச் செய்கிறது என்று தெரிந்திருந்தது. வெண்குஷ்டம் போன்ற நிறக் கோளாறுகளுக்கு அதில் வழி கிடைக்குமா என்று பார்த்தார். ஆயிரக்கணக்கான மாடுகளின் சுரப்பிகளைச் சேகரித்து, 1958இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார். மனிதத் தோலுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. பேரில் மட்டும் தோலின் நிறமி மிச்சம் இருக்கிறது. முதல் வேலையில் தோற்றுவிட்டு வேறு துறைக்கு மாற்றலான ஊழியர் மாதிரி.

அடுத்த குறிப்பில்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நெதர்லாந்தில் ஒரு குழு மெலடோனினைக் கருத்தடை மாத்திரையாக்கப் பார்த்தது. அந்த ஆய்வு 1992இல் வெளியானது. தினமும் 75 மில்லிகிராமிலிருந்து 300 மில்லிகிராம் வரை, தனியாகவும் புரோஜெஸ்டின் வகை மருந்தோடு சேர்த்தும் பெண்களுக்குக் கொடுத்தார்கள். கருமுட்டை வெளிப்படுவதை அது தடுக்கக்கூடும் என்று கண்டார்கள். அதாவது என் சீட்டின் ஆறாவது வரியில் இருக்கும் அதே மூலக்கூறு, நான் ஒன்றாம் வகுப்பில் சேர்வதற்கும் முன்பு, முட்டை வரக்கூடாது என்பதற்காகப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது.

நியாயமாகப் பேச வேண்டும். 75 எங்கே, 3 எங்கே. அளவு மாறினால் மருந்து மாறும். உப்பையே கைப்பிடி அள்ளித் தின்றால் ஆள் தாங்காது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு உத்தேசமில்லை. ஆனால் பெண்ணின் ஹார்மோன்களுக்கு இயற்கையான தோழி என்று டப்பா எழுதும்போது, அந்தத் தோழி இதற்கு முன்னால் எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தாள் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

பிறகு வேலை தலைகீழாக மாறியது. கருமுட்டை வளரும் நுண்பையின் நீரில் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக மெலடோனின் இருக்கிறது என்பது 1987லேயே அளக்கப்பட்டிருந்தது. முட்டை வெடித்து வெளிவரும் நேரத்தில் அங்கே உண்டாகும் ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து மெலடோனின் அதைக் காக்கிறது என்று ஜப்பானின் யாமகுச்சியில் ஒரு குழு எண்ணியது. முந்தைய ஐவிஎஃப் சுற்றில் முட்டைகள் சரியாகக் கருவுறாத பெண்களுக்கு 3 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் கருவுறும் விகிதம் கூடியிருந்தது. உலகம் முழுக்க ஐவிஎஃப் சீட்டுகளில் இந்த 3 குடியேறியதற்கு அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்குண்டு. என் சீட்டுக்கும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பத்து வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் இதைக் கறாராகச் சோதித்தார்கள். 160 பெண்கள், நான்கு குழு. ஒரு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை, மற்ற மூன்றுக்கும் வெவ்வேறு அளவு மெலடோனின். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. 2018இல் முடிவு வந்தது. கர்ப்பம் தரித்தவர்கள் மெலடோனின் எடுத்தவர்களில் 21.7 சதவீதம், எடுக்காதவர்களில் 15 சதவீதம். கேட்டவுடன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாவு மாத்திரைக் குழுவில் இருந்ததே 40 பேர். அதில் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் சாய்ந்தாலே கணக்கு மாறிவிடும். அதனால் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே இரண்டு எண்களைக் கொடுத்தால் விளம்பரம் எழுதுகிறவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் கிளையண்டுக்கு டேஷ்போர்டு செய்து கொடுத்தவள்தான்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் கவர்ந்தது மனுஷி அல்ல, ஆடு. செம்மறி ஆடு குளிர்நாடுகளில் இரவு நீளத் தொடங்கும்போது சினைக்கு வரும். ராத்திரி நீள நீள மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். உடம்பு அதைப் பருவத்தின் அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் ஆட்டின் காதுக்குப் பின்னால் மெலடோனினைப் பதித்து, பருவத்துக்கு முன்பே சினைப்படுத்துகிறார்கள். சரி, அப்படியானால் இது கருவளம் தரும் ஹார்மோன்தான் என்று எழுந்துவிடாதீர்கள். வெள்ளெலி போன்ற ஹாம்ஸ்டர் என்றொரு பிராணி இருக்கிறது. அதற்கு இரவு நீண்டால் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கிப்போகும். பினியல் சுரப்பியை எடுத்துவிட்டால் சுருங்குவதில்லை என்பதை 1965லேயே காட்டிவிட்டார்கள். ஒரே ரசாயனம். ஆட்டுக்கு அது வா என்கிறது, ஹாம்ஸ்டருக்குப் போ என்கிறது.

ஏனென்றால் மெலடோனின் சொல்வது ஒரே ஒரு சேதியைத்தான்: இருட்டிவிட்டது, இவ்வளவு நேரமாக இருட்டாக இருக்கிறது. அவ்வளவுதான். அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது கேட்கும் உடம்பு. தபால்காரர் கடிதத்தை எழுதுவதில்லை. எங்கள் மாவட்டத்து ஆடு மெட்ராஸ் ரெட் என்னும் இனம். அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டுப் பார்த்திருப்பீர்கள். இந்த அட்சரேகையில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். வெப்பமண்டலத்து ஆடுகள் குளிர்நாட்டு ஆடுகளைப் போலப் பருவத்துக்குக் கறாராகக் கட்டுப்படுவதில்லை. இரவின் நீளம் அவற்றுக்குப் பெரிய சேதி இல்லை. மேய்ச்சல்தான் பெரிய சேதி.

இப்போது டப்பாவுக்குத் திரும்புவோம். அதன் வினைச்சொற்களைக் கவனியுங்கள். உதவும். துணை நிற்கும். ஓர் இடத்தில்கூடக் குணமாக்கும் என்று இல்லை. இது அடக்கம் அல்ல. 1954ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியங்கள் விளம்பரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாகவோ, பெண்ணின் மலட்டுத்தன்மையைக் குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்தை விளம்பரம் செய்ய அது தடை போடுகிறது. லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்த்தவர்களின் சுவரொட்டி மொழிக்கு எதிராக வந்த சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய உரைநடை அந்தச் சட்டத்தின் ஓரத்தை ஒட்டியே நடக்கிறது. சீராக்கும் என்று எழுதினால் சிக்கல், சீராக உதவும் என்று எழுதினால் வாழ்த்து. ஒரு துணைவினையில் ஒரு தொழிலே ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது பேலன்ஸ். ஹார்மோன் பேலன்ஸ் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் இன்று உச்சரிக்காத பெண் இல்லை. என் அம்மாவே சொல்கிறாள். தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் ஒரு நிலை இருப்பதாகவும், நாம் அதிலிருந்து சரிந்துவிட்டதாகவும் அந்தச் சொல் சொல்லாமல் சொல்கிறது. ஆனால் மாதச் சுழற்சி என்பதே சமநிலை இல்லாமை. ஈஸ்ட்ரோஜன் ஏறும், இறங்கும். எல்ஹெச் ஒரு நாள் மலைபோல எழும், மறுநாள் விழும். அந்த ஏற்ற இறக்கம் நின்று எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிட்டால் அதற்குப் பெயர் மெனோபாஸ். பேலன்ஸ் ஆன பெண் என்று டப்பா யாரைச் சொல்கிறது?

படத்தில் அவள் இருக்கிறாள். வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை, ஜன்னலில் வெளிச்சம். பக்கத்தில் புருஷன் இல்லை, குறட்டை இல்லை, சார்ஜரில் ஃபோன் இல்லை, காலையில் அரைக்க ஊறப்போட்ட அரிசி இல்லை. முக்கியமாக ஆண் இல்லை. குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது என்று சோதனை அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் சார்ட்டே சொல்கிறது. ஆனால் தாய்மைப் பயணத்தில் பெண் தனியாகத்தான் போகிறாள், கையில் கம்மீஸ் டப்பாவோடு.

கம்மி என்றால் நம் ஊரில் குறைச்சல் என்று அர்த்தம். 2017இல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் கம்மியாகவும் இருந்தது, 478 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. எட்டில் செரடோனின் கலந்திருந்தது. 2023இல் அமெரிக்காவில் 25 கம்மீஸ் டப்பாக்களைச் சோதித்ததில் 22 தப்பு. ஒன்றில் மெலடோனினே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் 2 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தபோது, 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் தூக்கமின்மைக்கு, டாக்டர் சீட்டோடு என்று நிபந்தனை போட்டார்கள். அமெரிக்காவில் அதே பொருள் சூப்பர்மார்க்கெட்டில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் ஒரே மூலக்கூறுதான்.

விளம்பரத்தை இத்தோடு விட்டுவிடலாம். அதற்கு வேண்டியது என் பணம் மட்டும். ஃபார்வர்டுக்கு வேண்டியது வேறு.

அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். வெளிச்சம் மெலடோனினை அடக்குகிறது என்பது 1980இல் நிறுவப்பட்டது. வீட்டு ட்யூப்லைட் அளவே போதும் என்பது 2011இல். இரவு வேலையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள காரணிகளில் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி உறுதி செய்தது. பல வருடம் இரவுப் பணி பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு டென்மார்க் இழப்பீடே கொடுத்தது. மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் அமெரிக்க நர்ஸ்களிடம் மாதவிடாய் ஒழுங்கு தவறுவது கூடுதலாக இருந்தது என்று பெரிய ஆய்வொன்று கண்டது. என் உடம்பே சாட்சி. சிறுசேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்தேன். சாயந்தரம் ஐந்தரைக்கு கேப், விடிகாலை நாலரைக்கு வீடு. இரண்டாவது வருடத்திலேயே 30 நாள் 45 ஆனது, பிறகு 60. ஸ்கேனில் பிசிஓடி என்றார்கள். ஷிப்டால் வந்ததா என்றால் அதற்கும் நேராகப் பதில் இல்லை. என் தங்கை டீச்சர், பகலில் மட்டும் வேலை, பத்து மணிக்குத் தூங்கிவிடுவாள். அவளுக்கும் அதேதான்.

பெரியப்பாவின் ஃபார்வர்டில் ராத்திரி வேலைக்குப் போகும் பெண் ஏதோ நேற்று முளைத்தவள் மாதிரி வருகிறாள். கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் விடிவதற்கு முன்னால் கரைக்கு வந்து கூடையோடு காத்திருக்கும் மீன்காரப் பெண்கள் எந்த நூற்றாண்டில் ஒன்பது மணிக்குப் படுத்து நிம்மதியாகத் தூங்கினார்கள்? வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க இருட்டில் கிளம்பும் உப்பளத்துப் பெண்கள்? அவ்வளவு தூரம் வேண்டாம். பெரியப்பாவின் பேரன் பிறந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. அவனை முதலில் கையில் வாங்கியது நைட் டியூட்டி நர்ஸ்.

இந்த இடத்தில் ஒரு தீர்ப்பை நினைவுபடுத்த வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, பெண்களை மாலை 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பர் 8 அன்று அந்தத் தடையைச் செல்லாதது என்று தள்ளியது. அதே வருடம் ஜூலையில்தான் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அந்த இரண்டு கதவும் திறக்காமல் நான் இல்லை. ஆறு வருட நைட் ஷிப்ட் சம்பளத்தில்தான் அப்பாவின் கடன் அடைந்தது, இந்தக் கட்டுரையை எழுதும் வீட்டுக்கு முன்பணமும் கட்டினோம். அதனால் இரவைப் பெண்ணிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லும் எந்த அறிவியலையும், எந்த ஆன்மிகத்தையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பை முழுக்க வாசித்தவர்கள் கம்மி. நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டுப் போய்விடவில்லை. நீண்ட நிபந்தனைப் பட்டியல் ஒன்றைப் போட்டது. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை. பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாறும்போது நடுவில் 12 மணி நேரமாவது இடைவெளி. இரவு ஷிப்ட் பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் கூடுதலாக, சம்பளத்தோடு ஒரு விடுமுறை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தீர்ப்பு, பெண்ணுக்கு இரவு வேலையும் உண்டு உடம்பும் உண்டு என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறது. அது தொழிற்சாலைகளைப் பற்றிய தீர்ப்பு. எங்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அது வரவில்லை. எங்களுக்கு வந்தது கேப். பிறகு கம்மீஸ்.

விளம்பரமும் ஃபார்வர்டும் ஒன்றுக்கொன்று எதிரி மாதிரி தெரிகின்றன. ஒன்று பழச் சுவை, மற்றது பழம்பெருமை. ஆனால் இரண்டிலும் ஷிப்ட் போட்டவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. கோளாறு பெண்ணின் இரவில் இருக்கிறது. சரிசெய்ய வேண்டியவளும் அவளே. ஒருவர் வாங்கச் சொல்கிறார், ஒருவர் அடங்கச் சொல்கிறார்.

தமிழில் இதற்கு நேர்மாறான ஓர் இரவை நான் வாசித்திருக்கிறேன். அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ கதையில் தங்கம் அத்தை பூப்படையாதவள். குடும்பம் அவள் உடம்பில் எல்லா வைத்தியத்தையும் முயன்று பார்த்திருக்கும். ஆனால் கதை அவளை நமக்கு அந்த வைத்தியங்கள் வழியாக முதலில் காட்டுவதில்லை. ராத்திரியில் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்கிறவளாகக் காட்டுகிறது. இரவு அங்கே அவளிடம் குறையாக இருக்கும் ஒன்று அல்ல, அவள் கையில் இருக்கும் ஒன்று. கல்லூரியில் வாசித்தபோது அதை ஒரு சோகக் கதை என்று குறித்து வைத்திருந்தேன். போன வருடம் மறுபடி வாசித்தேன்.

முதல் சுற்று தோற்றதை நடுவில் சொல்லிவிடுகிறேன். பதினொரு முட்டை, ஆறு கருவானது, இரண்டை வைத்தார்கள், தங்கவில்லை. மெலடோனின் அதில் என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் ஆறுக்குப் பதில் நாலு வந்திருக்குமா, ஏழு வந்திருக்குமா? என் உடம்பில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நான் இல்லை.

போன மாதம், இரண்டாவது சுற்றுக்கு முன்னால், அம்மா தலசயனப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லி மாமல்லபுரம் கூட்டிப்போனாள். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பாம்பணை இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கும் பெருமாளைப் பார்த்துவிட்டு, ஃபார்வர்டில் வந்த குகையையும் பார்த்துவிடலாம் என்று குன்றில் ஏறினோம். மகிஷாசுரமர்த்தினி மண்டபம். படத்தை வெட்டி அனுப்பிய புண்ணியவான் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது உள்ளே போனதும் தெரிந்தது.

உள்ளே நுழைந்தால் இடது சுவரில் திருமால். நீண்ட உடல், காலருகே மதுவும் கைடபனும் தண்டாயுதத்தோடு தாக்கத் தயாராக. அவர் முகத்தில் அசைவே இல்லை. கல்லில் இவ்வளவு தளர்ந்த தோளை வேறெங்கும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அப்படியே திரும்பினால் எதிர்ச் சுவரில் துர்க்கை. சிங்கத்தின் மேல், எட்டுக் கைகள், வில் வளைந்திருக்கிறது. எருமைத் தலையன் சாகவில்லை. பின்னால் சாய்கிறான், அவ்வளவுதான். கையில் கதை அப்படியே இருக்கிறது. மாமல்லபுரத்திலேயே வேறு இடங்களில் அவள் வெட்டிய எருமைத் தலைமேல் நின்றுகொண்டிருக்கிறாள், வேலை முடிந்த நிம்மதியில். இங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. இடையில், பின்சுவரின் கருவறையில், சோமாஸ்கந்தர். சிவன், உமை, உமையின் மடியில் குழந்தை.

ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு என் சீட்டைப் பற்றித் தெரியாது. ஆனாலும் தூக்கம் ஒரு சுவர், விழிப்பு ஒரு சுவர், நடுவில் குழந்தை என்று நிற்கும் அறைக்குள் நுழைந்தால் என் நிலைமையில் இருப்பவள் வேறு எதை வாசிப்பாள்?

இரண்டு சுவருக்கும் உள்ள தொடர்பு தேவி மாகாத்மியத்தில் இருக்கிறது. மதுகைடபர் தாக்க வரும்போது திருமால் விழிப்பதில்லை, ஏனென்றால் யோகநித்திரை என்னும் தேவி அவர் கண்களில் குடியிருக்கிறாள். பிரம்மா அவளைத்தான் வேண்டுகிறார். அவள் இறங்கிப்போன பிறகே அவர் எழுகிறார். அதாவது இடது சுவரில் தூக்கமாக இருப்பவளும் வலது சுவரில் வில்லை வளைப்பவளும் ஒருத்தியே. ஃபார்வர்டு அனுப்பியவர் பாதிச் சுவரை மட்டும் எடுத்து, தூங்கும் ஆணைக் காட்டி, பெண்களைத் தூங்கச் சொன்னார். முழுக் குகை அப்படிச் சொல்லவில்லை.

நெற்றிக்கண் விஷயத்தையும் விட்டுவிட வேண்டாம். பினியல் ஒரு காலத்தில் கண்ணோடு உறவுள்ள உறுப்புதான். இந்தக் குன்றில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஓணானின் உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் ஒரு சின்ன மூன்றாவது கண் உண்மையிலேயே உண்டு. நமக்கு அது உள்ளே போய்விட்டது. மண்டையோட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, வெளியே இருட்டிவிட்டதா என்று முகத்தில் இருக்கும் கண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. முன்னோர் என்று உரிமை கொண்டாட வேண்டுமானால் ஓணானில் தொடங்கலாம்.

குகைக்கு நேர் மேலே, பாறை உச்சியில், ஓலக்கண்ணேசுவரர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் இப்போதுள்ள கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டில், கப்பல்களுக்கு அதன் மேல்தான் விளக்கு வைத்தார்கள். தூங்கும் பெருமாளின் தலைக்கு மேல் ஒரு நைட் டியூட்டி. அம்மாவிடம் சொன்னேன், சிரிக்கவில்லை. அவள் மூன்று சுவருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்ததற்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம்.

இறங்கி வரும்போது இன்னொரு துர்க்கையைப் பற்றிச் சொன்னேன். 1978 அக்டோபர் 3, கல்கத்தா. சுபாஷ் முகோபாத்யாய் என்ற டாக்டரின் முயற்சியில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது, உலகத்தில் இரண்டாவது. துர்கா பூஜை நேரம் என்பதால் துர்கா என்றே பெயர். அவர் சொன்னதை அரசாங்கக் குழு நம்பவில்லை, மாற்றல் மேல் மாற்றல் கொடுத்தார்கள். 1981இல் தற்கொலை செய்துகொண்டார். “பாவம்” என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அந்தப் பொண்ணு நல்லாருக்காளா?” என்று கேட்டாள். நல்லா இருக்காங்கம்மா, அவங்களுக்கே குழந்தை இருக்கு என்றேன்.

இரண்டாவது சுற்றுக்கான சீட்டு போன வாரம் வந்தது. ஊசியின் அளவை மாற்றியிருக்கிறார், இரண்டு வைட்டமினை எடுத்துவிட்டார். மெலடோனின் அப்படியே இருக்கிறது. இந்த முறை டோக்கன் கூப்பிடுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்: “போன தடவை இது ஏதாச்சும் செஞ்சுச்சா டாக்டர்?”

பேனாவை மூடி வைத்தார். “தெரியலம்மா. உதவலாம்னு சில ஆய்வு இருக்கு, உதவலைனும் இருக்கு. இந்த அளவுல பெரிய கெடுதல் இல்ல, விலையும் கம்மி. வேணாம்னா நிறுத்திடலாம்.”

ஒன்றரை வருடத்தில் இந்த மாத்திரையைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அதுதான். எந்த டப்பாவிலும் அதை அச்சடிக்க மாட்டார்கள். நிறுத்த வேண்டாம் என்றேன்.

இந்த வாரம் ஆன்-கால் எனக்கு. நைட் ஷிப்டை விட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை இது வரும். மாற்றித்தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம், காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நேற்றுப் பத்து மணிக்கு மாத்திரையைப் போட்டு, விளக்கை அணைத்து, ஃபோனைக் கவிழ்த்து வைத்துப் படுத்தேன். இரண்டே காலுக்கு அது அடித்தது. எங்கோ ஒரு சர்வர் நிரம்பிவிட்டது. கணவர் புரண்டு படுத்து, “எவ்ளோ நேரம் ஆகும்?” என்றார். தெரியல என்றேன். ஹாலுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, திரையின் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.